பழமை வடிவும் பார்ப்போர் பரிவும்

1

பழைய வடிவில் அமைந்த மோட்டார் சைக்கிளொன்றிற் செல்பவரை வழியிற் காணும் அந்நியர், ஏனைய வாகனங்களிற் செல்வோரை நோக்குவது போல நோக்குவதில்லை. வட்டமான முன்விளக்கு, நீர்த்துளி வடிவான எரிபொருள் தாங்கி, கம்பிச் சில்லுகள், வெளியே தெரியும் குளிர்ச்செதில்களோடு கூடிய ஒற்றைச் சிலிண்டர் இயந்திரம், நிதானமாக அதிர்ந்தொலிக்கும் புகைக்குழாய் என்பன பொருந்திய வண்டியொன்று பெற்றோல் நிலையத்தில் வந்து நின்றதும், முன்பின் அறியாத ஒருவர் அருகே வருவார். தாங்கியைத் தொட்டுப் பார்ப்பார். "இது எந்த வருஷத்து வண்டி, தம்பி?" என்று கேட்பார். "என்ரை அப்பாவும் இப்பிடி ஒண்டு வைச்சிருந்தவர்" என்பார். சந்தியில் நிற்கும் முச்சக்கர வண்டிச் சாரதி தலையை வெளியே நீட்டிச் சிரிப்பார். செலுத்துபவரும் மகிழ்ந்து விடையளிப்பார். இவ்வனுபவம் எமது நாட்டிற்கு மட்டும் உரியதன்று. இலண்டனிலும் சென்னையிலும் இத்தகைய வண்டிகளைச் செலுத்துவோர் இதனையே பெருமையுடன் கூறிக்கொள்கின்றனர்.

இதனைப் பலர் ஒரு நற்பேறாகவே கொள்வர். இவ்வண்டி மனிதரை மனிதரோடு பேசவைக்கின்றது. வேகத்துக்கென ஆக்கப்பட்ட நவீன வண்டி அந்நியரை அச்சுறுத்தி விலக்க, இதுவோ அவர்களை அருகழைக்கின்றது. எனவே பழமை வடிவம் சமுதாய உறவினை வளர்க்கும் ஒரு மனிதாபிமான வடிவமாகும் என்பது அவர்தம் வாதம். பல்கலைக்கழக மாணவரிடையேயும் விரிவுரையாளரிடையேயும் இவ்வாதம் செல்வாக்குப் பெற்றிருப்பதை அவதானிக்கலாம். இக்கட்டுரை அவ்வாதத்தை மறுப்பதற்காக எழுதப்படுவது. அந்நியர் காட்டும் அப்பரிவு யாருக்குக் கிடைக்கின்றது, யாருக்குக் கிடைப்பதில்லை என்ற வினாவை எழுப்பாதவரை அதன் இயல்பினை நாம் விளங்கிக்கொள்ள முடியாது.

2

எதிர்த்தரப்பாரின் கூற்றில் உள்ள உண்மையை முதலில் ஏற்றுக்கொள்வது நேர்மையாகும். நகரவாழ்வில் அந்நியர் ஒருவரையொருவர் கண்டும் காணாதவராய்க் கடந்து செல்கின்றனர். ஒரு கணம் பார்த்து, உடனே பார்வையை விலக்கிக்கொள்ளும் இவ்வொழுங்கினைச் சமூகவியலாளர் எர்விங் கொஃப்மன் 1963இல் வெளியிட்ட நூலொன்றில் ஆராய்ந்தார். பொது இடத்தில் மற்றவரை உற்றுநோக்காதிருத்தலும் ஒருவகை மரியாதையே என்பது அவர் கண்ட முடிவு. எனினும், குழந்தையை ஏந்தி வருபவர், நாயை அழைத்து வருபவர் போன்ற சிலரிடம் முன்பின் அறியாதவரும் பேச்சுக்கொடுக்கலாம் என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். பழமை வடிவ மோட்டார் சைக்கிளைச் செலுத்துபவர் இத்தகைய விதிவிலக்குகளுள் ஒருவர் எனலாம். மேலும், காரில் இருப்பவரைக் கண்ணாடி மறைக்கின்றது. மோட்டார் சைக்கிளில் இருப்பவரோ மழையிலும் வெயிலிலும் பார்வையிலும் திறந்த நிலையில் இருப்பவர். அவரிடம் பேச்சுக்கொடுப்பது எளிது.

ஆயின், மோட்டார் சைக்கிளிற் செல்லும் எல்லோரும் அவ்வாறு திறந்த நிலையிலேயே செல்கின்றனர். மீன்பெட்டியைப் பின்னாற் கட்டிக்கொண்டு அதிகாலையிற் சந்தைக்கு விரைபவரும் திறந்த நிலையிலேதான் செல்கிறார். அவரை வழிமறித்து, "இது எந்த வருஷத்து வண்டி?" என்று கேட்பார் எவருமிலர். எனவே, திறந்த நிலை இப்பரிவினைப் பூரணமாக விளக்கவில்லை. வேறு காரணம் ஒன்று தேடப்பட வேண்டும்.

3

அக்காரணம் வண்டியின் பழமையே எனச் சிலர் கூறுவர். பழையவற்றை மதித்தல் மனித இயல்பு என்பது அவர்கள் விளக்கம். இவ்விளக்கம் ஒரு கணமேனும் நின்றுபிடிக்கத்தக்கதன்று. ஏனெனில், அந்நியர் தொட்டுப் பார்த்து மகிழும் வண்டிகளுட் பெரும்பாலானவை பழையவையல்ல. பழையவை போன்று செய்யப்பட்டவை.

றோயல் என்பீல்ட் நிறுவனத்தின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். இங்கிலாந்தின் றெடிச் நகரில் 1901இல் முதலாவது மோட்டார் சைக்கிளை ஆக்கிய இந்நிறுவனம், 1932இல் 'புல்லட்' என்ற பெயரை அறிமுகஞ் செய்தது. சென்னையிலிருந்த மெட்ராஸ் மோட்டோர்சுடன் இணைந்து 1955இல் என்பீல்ட் இந்தியா என்ற நிறுவனம் உருவாக, திருவொற்றியூரில் உற்பத்தி தொடங்கிற்று. 1970ஆம் ஆண்டளவில் தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மறைந்தொழிந்தது. சென்னையிலிருந்த கிளை நிலைத்தது. அங்கு பல தசாப்தங்களாக அதே புல்லட் ஏறத்தாழ அதே வடிவில் ஆக்கப்பட்டது. வடிவை மாற்றுவதற்கான மூலதனமோ தேவையோ போட்டியோ அன்றைய பாதுகாக்கப்பட்ட இந்தியச் சந்தையில் இருக்கவில்லை. பழமை அங்கு ஒரு பொருளாதார நிலைமையின் விளைவாக இருந்தது. எவரும் அதனை அழகியற் கொள்கையெனக் கொண்டாடவில்லை.

1994இல் ஐஷர் நிறுவனத்துடன் இணைக்கப்பட்ட பின்னர் நிலைமை மாறிற்று. 2009இல் இந்தியச் சந்தைக்கு வந்த 'கிளாசிக்' என்ற வண்டி, பழமையைத் தன் பெயராகவே சூடிக்கொண்டது. அதன் இயந்திரம் புதியது. 2021இல் வந்த அதன் அடுத்த பிறப்பில் அதிர்வைக் குறைக்கும் சமநிலைத் தண்டு ஒன்றும் உள்ளே பொருத்தப்பட்டது. முன்னைய புல்லட்டைச் செலுத்தியோரின் கைகளை மரக்கச் செய்த அதிர்வு நீக்கப்பட்டது; புகைக்குழாயின் ஒலிமட்டும் பழமையை நினைவூட்டுமாறு பேணப்பட்டது. வலதுகாற் பக்கமிருந்த கியர் மிதி இடப்பக்கம் சென்றது. தாங்கியின் பழைய வளைவோ அப்படியே நின்றது. எதனை வைத்துக்கொள்வது, எதனை விட்டுவிடுவது என்ற தெரிவில் ஓர் ஒழுங்கு காணப்படுகின்றது. பழமையின் துன்பம் விலக்கப்பட, அதன் தோற்றம் விற்பனைக்கு வந்தது.

பிரித்தானியாவின் ட்ரையம்ப் நிறுவனம் இதனை மேலும் ஒரு படி முன்கொண்டு சென்றது. அதன் பொனவில் வண்டி முதன்முதல் 1959இல் வந்தது. அதே பெயரில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் ஆக்கப்பட்ட வண்டிக்கு, 2008இல் மின்னணு எரிபொருள் செலுத்தும் முறை வழங்கப்பட்டது. அம்முறைக்குக் கார்புரேற்றர் தேவையில்லை. ஆயினும் எரிபொருளைச் செலுத்தும் பகுதிகள் கார்புரேற்றர் போன்ற புறத்தோற்றத்துடன் ஆக்கப்பட்டன. தொழிற்படாத ஓர் உறுப்பின் சாயலை, அதனைக் கண்டு மகிழ்வார் உளர் என்ற ஒரே காரணத்துக்காக உலோகத்தில் வார்க்கும் நிலைக்கு உற்பத்தி வந்துவிட்டது. பெற்றோல் நிலையத்தில் அருகே வந்து தொட்டுப் பார்க்கும் அந்த அந்நியரின் பார்வை தற்செயலாக விளைந்த ஒன்றன்று. வரைபட மேசையிலேயே எதிர்பார்க்கப்பட்டு, கணக்கிடப்பட்டு, விலையினுள் அடக்கப்பட்ட ஒன்று அது. வண்டியை வாங்குபவர் அந்நியரின் பரிவையும் சேர்த்தே வாங்குகிறார்.

தோஸ்டின் வெப்ளன் 1899இல் எழுதிய ஓய்வுநிலை வர்க்கம் பற்றிய நூலில், பிறர் காண்பதற்காக நுகர்தல் என்னும் வழக்கத்தை ஆராய்ந்தார். அவர் காட்டிய செல்வர் தம் செல்வத்தை வெளிப்படையாகக் காட்டினர். எமது காலத்துச் செல்வரோ தம் எளிமையைக் காட்டுவதற்காகச் செலவு செய்கின்றனர். இதுவே இங்குள்ள புதுமை.

4

பரிவு வண்டியின் வடிவுக்கு உரியதாயின், அவ்வடிவு எக்காலத்திலும் அதனைப் பெற்றிருத்தல் வேண்டும். வரலாறு இதற்கு நேர்மாறாகவே சான்று பகர்கின்றது.

1950களிலும் 1960களிலும் பிரித்தானிய வீதிகளில் ட்ரையம்ப், பி.எஸ்.ஏ., நோர்ட்டன் வண்டிகளைச் செலுத்தித் திரிந்தோருட் பெரும்பாலானோர் தொழிலாளர் குடும்பத்து இளைஞர். போருக்குப் பிந்திய கால வேலைவாய்ப்பினாற் கையிற் சிறிது பணம் கண்டவர்கள். இலண்டன் வடக்குச் சுற்றுவீதியில் இருந்த 'ஏஸ் கபே' என்ற சிற்றுண்டிச்சாலை அவர்கள் கூடும் இடங்களுள் ஒன்று. அவர்களைக் கண்ட அந்நியர் பரிவு கொள்ளவில்லை, அஞ்சினர், வெறுத்தனர். மார்லன் பிராண்டோ ட்ரையம்ப் வண்டியில் தோன்றிய 'த வைல்ட் வன்' என்ற 1953ஆம் ஆண்டுத் திரைப்படத்துக்கு, 1967ஆம் ஆண்டுவரை பிரித்தானியத் தணிக்கைச் சபை சான்றிதழ் வழங்கவில்லை. 1964ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறு விடுமுறையில் கிளாக்டனிலும், பின்னர் பிரைட்டன், மார்கேட் ஆகிய கடற்கரை நகர்களிலும் 'மொட்ஸ்', 'றொக்கர்ஸ்' எனப்பட்ட இளைஞர் குழுக்களிடையே கைகலப்புகள் நிகழ்ந்தன. பத்திரிகைகள் அவற்றைப் பெருப்பித்து எழுதின. சமுதாயம் தனக்கென ஓர் அரக்கனை எவ்வாறு புனைந்துகொள்கின்றது என்பதை இந்நிகழ்ச்சிகளை வைத்தே ஸ்டான்லி கொகன் 1972இல் வெளியான தமது நூலில் விளக்கினார்.

அன்று அச்சமூட்டிய அதே தாங்கி, அதே வட்ட விளக்கு, அதே ஒலி இன்று புன்முறுவலை வருவிக்கின்றன. 1969இல் மூடப்பட்ட ஏஸ் கபே இந்நூற்றாண்டில் மீண்டும் திறக்கப்பட்டு, உலகெங்குமிருந்து ஆர்வலரை ஈர்க்கும் தலமாக விளங்குகின்றது. வடிவு மாறவில்லை, ஆசனத்தில் அமர்ந்திருப்பவர் மாறிவிட்டார். வேலைத்தலத்துக்குச் செல்ல வேறு வழியின்றி வண்டியேறிய தொழிலாள இளைஞனின் இடத்தில், வீட்டிற் காரையும் வைத்துக்கொண்டு ஓய்வுநாளில் வண்டியேறும் மத்தியதர வர்க்கத்தினர் வந்து அமர்ந்துள்ளனர். அவரால் எவருக்கும் ஆபத்தில்லை என்பதைப் பார்ப்போர் அறிவர். அந்நியரின் பரிவு, வண்டி அடைந்த இவ்வர்க்க உயர்வுக்குச் செலுத்தப்படும் காணிக்கை என்றே கொள்ள வேண்டும்.

இன்னொரு செய்தியும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ட்ரையம்ப் வண்டிகளை ஆக்கிய மெரிடன் தொழிற்சாலையை மூடப்போவதாக 1973இல் அறிவிக்கப்பட்டபோது, தொழிலாளர் அதனை முற்றுகையிட்டுத் தம்வசப்படுத்தினர். நெடுங்காலப் போராட்டத்தின் பின், அமைச்சர் டோனி பென்னின் ஆதரவோடு 1975இல் அங்கு ஒரு தொழிலாளர் கூட்டுறவு அமைந்தது. தொடக்கத்தில் எல்லோருக்கும் சம ஊதியம் என்ற கொள்கையோடு இயங்கிய அக்கூட்டுறவே 1983இல் வீழ்ச்சியுறும்வரை பொனவில் வண்டிகளை ஆக்கி வந்தது. அந்த எட்டு ஆண்டுகள் இல்லையெனில், அப்பெயர் தொடர்ச்சியாக எம் காலத்தை அண்மித்திருக்குமா என்பது ஐயமே. ஆனால், பொனவிலைக் கண்டு நெகிழும் அந்நியருள் மெரிடனை நினைவுகூர்பவர் எத்தனை பேர்? தாங்கியின் வளைவு நினைவிருக்கின்றது. அதனை வளைத்த கைகள் மறக்கப்பட்டுவிட்டன. 1867இல் வெளிவந்த 'மூலதனம்' நூலின் முதற்பாகத்தில் கார்ல் மார்க்ஸ் பண்டத்தின் மாயம் என்று விளக்கியது இதனையே. மனிதருக்கு இடையிலான உறவு, பொருள்களுக்கு இடையிலான உறவு போல வேடம் பூணுகின்றது.

5

இந்தியாவின் நிலை இதனினும் சிக்கலானது. புல்லட் அங்கு தொழிலாள இளைஞனின் வண்டியாகத் தொடங்கவில்லை. இராணுவத்தின் தேவைக்காகவே அது பெருமளவில் வரவழைக்கப்பட்டது. படைவீரரும் பொலிசாரும் அதிற் சென்றனர். கிராமப்புறங்களில் நிலவுடைமையாளரின் முற்றங்களில் அது நின்றது. துப்பாக்கியைப் போல ஆக்கப்பட்டது என்பது அந்நிறுவனத்தின் பழைய விளம்பர வாசகம். பெயரே துப்பாக்கிச் சன்னம். தூரத்தில் அதன் ஒலி கேட்டதும் தெருவோரத்தில் இருந்தோர் எழுந்து நின்ற காலமொன்று இருந்தது. அவ்வெழுச்சி அன்பினால் விளைந்ததன்று. இன்று அதே ஒலிக்குத் திரும்பிப் பார்க்கும் கண்களிற் பரிவு மட்டுமே உள்ளது எனக் கொள்பவர், அதிகாரத்துக்குப் பணிந்து பழகிய உடலின் நினைவினை மறந்துவிடுகின்றனர்.

இராசத்தானத்தில் பாலி நகருக்கு அண்மையில், விபத்தொன்றில் இறந்த ஓர் இளைஞரின் புல்லட் வண்டி கண்ணாடிப் பேழையுள் வைக்கப்பட்டு மாலைசூட்டி வழிபடப்படுகின்றது. நெடுஞ்சாலையிற் செல்வோர் இறங்கி வணங்கிச் செல்கின்றனர். எம் படித்த இளைஞர் இதனை மூடநம்பிக்கையென நகைப்பர். ஆனால் இவ்விரு வழிபாடுகளுள் எது நேர்மையானது? அந்த வழிப்போக்கர் வண்டியினூடாக இறந்துபட்ட ஒரு மனிதரை நினைக்கின்றனர். தமது பயணத்தின் ஆபத்தையும் நினைக்கின்றனர். பெற்றோல் நிலையத்து வழிபாட்டிலோ மனிதர் எவரும் இல்லை. 2018ஆம் ஆண்டு செப்டெம்பரில் சென்னையை அடுத்த ஒரகடத்திலுள்ள றோயல் என்பீல்ட் தொழிற்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவ்வண்டிகளைக் கண்டு உருகும் எத்தனை கண்கள் அன்று அத்தொழிற்சாலை வாயிலை நோக்கித் திரும்பின?

6

இனி எமது சூழலுக்கு வருவோம். பழைய இயந்திரங்களைப் பற்றி உலகுக்கு எடுத்துச் சொல்லும் தகுதி யாருக்கேனும் உண்டெனில், அது யாழ்ப்பாணத்தவருக்கு உண்டு. 1990இல் வடபகுதிக்கு எரிபொருள் செல்வது தடைசெய்யப்பட்ட பின்னர், பெற்றோல் துளித்துளியாக அளந்து விற்கப்பட்டது. அக்காலத்தில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களும் ஹொண்டா மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. இதனை ஏதோ அதிசயம் போலக் கூறுவது தவறு. இதற்குப் பின்னால் அறிவு இருந்தது. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் இலகுவில் ஆவியாவதில்லை. ஆகவே சிறிது பெற்றோலை கார்புரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை இயக்கி, அது சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். தாழ்ந்த அமுக்க விகிதங் கொண்ட பழைய பிரித்தானிய இயந்திரங்கள் இதனைத் தாங்கின. அமுக்கம் கூடிய புதியவை தட்டியொலித்துப் பழுதுபட்டன. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் இயந்திர எண்ணெயுடன் கலந்து அதனை நீர்க்கச் செய்தமையால், அதற்கும் பரிகாரம் தேட வேண்டியிருந்தது. இவற்றையெல்லாம் கண்டறிந்தோர் ஓலைக் கொட்டில்களிலும் தகரக் கொட்டகைகளிலும் கராஜ் நடத்திய மனிதர். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் அவர்களிடம் இருக்கவில்லை.

அன்று அவ்வண்டிகளைப் பார்த்த அந்நியர் யார்? காவலரண்களில் நின்ற படையினர். 1995ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாணம் அரச படையினரின் கட்டுப்பாட்டின் கீழ் வந்த பின், சோதனைச் சாவடிகளில் மோட்டார் சைக்கிளிற் சென்றோர் இறங்கி வண்டியை உருட்டிச் சென்று அடையாள அட்டையைக் காட்டினர். இறங்க மறந்தவனின் நிலை என்னவாயிற்று என்பதை அக்காலத்தில் வாழ்ந்தோர் அறிவர். மோட்டார் சைக்கிளிற் செல்லும் தமிழ் இளைஞன் என்பதே போதிய சந்தேகமாக இருந்த காலம் அது. அந்நியரின் கவனம் என்ற சொற்றொடர் எமக்கு இனிமையான ஒலியுடையதன்று. அதனை ஒரு நற்பேறாக மட்டும் கொண்டாடுவதற்கு எம்மிடையே மறதி மிகவும் தேவைப்படும்.

தன் அனுபவத்தைக் கூறுவதற்கு இக்கட்டுரையாளனை வாசகர் பொறுத்தருள வேண்டும். நான் நாள்தோறும் செலுத்துவது எனது தந்தையார் விட்டுச்சென்ற ஹொண்டா எம்.டி. 90. 1980களின் இறுதியில் வாங்கப்பட்டது, மண்ணெண்ணெயில் ஓடியது, எத்தனையோ சாவடிகளில் உருட்டிச் செல்லப்பட்டது. அதன் ஆசனம் மூன்றுமுறை தைக்கப்பட்டுள்ளது. அண்மையில் உறவினர் ஒருவர் வெளியூர் சென்றபோது, அவரது புதிய பழமை வடிவ வண்டி இரு வாரங்கள் என் பொறுப்பில் இருந்தது. அது வாங்கி ஒரு வருடமும் நிறையவில்லை. அவ்விரு வாரங்களில் ஏழுபேர் என்னை மறித்து அதன் வயதினை வினவினர்; அவர்களுள் ஒருவர் கண்கலங்கினார். நாற்பது ஆண்டுகளை அண்மித்துக்கொண்டிருக்கும் எம்.டி. 90இன் வயதை இதுவரை எவரும் கேட்டதில்லை. பொலிசார் மட்டும் அதன் ஆவணங்களைக் கேட்டுள்ளனர். ஒரே வீதி, ஒரே மனிதன், ஒரே முகம். இதன் பின்னரும் பரிவு பழமைக்கே உரியது என்று வாதிடுவார் உளராயின், அவர் விளக்கம் தரக் கடமைப்பட்டவர்.

பெண்கள் திறத்தில் இக்கவனம் இன்னொரு வடிவம் எடுக்கின்றது. இத்தகைய கனத்த வண்டியொன்றை ஒரு பெண் செலுத்தி வந்தால், எந்த வருடத்து வண்டி என்ற வினா எழுவதில்லை. "ஆற்றை வண்டி, பிள்ளை?" என்பதே வினா. தமையனுடையதா, கணவனுடையதா என்று தொடரும். இதனை எப்படித் தாங்குகிறீர்கள் என்ற பாராட்டும் பின்னால் வரும். ஆணிடம் பேச்சுக்கு வாயிலாக அமையும் அதே வண்டி, பெண்ணிடம் விசாரணைக்கு வாயிலாகின்றது. விரும்பாத பேச்சினை விலக்கிச் செல்லும் உரிமை அவளுக்கு இல்லையென அந்த அந்நியர் கருதுகின்றார். கொஃப்மன் கூறிய மரியாதையான பாராமுகம் கிடைக்கப்பெறாதவள் அவள். மனிதரை மனிதரோடு இணைக்கும் வண்டி என்று போற்றுவோர், இணைக்கப்படுவோரின் சம்மதம் பற்றியும் ஒரு சொற் கூறுதல் வேண்டும்.

7

இவ்வாறு எழுதுவது சிறு மகிழ்ச்சிகளையும் சந்தேகிக்கும் வரட்டு வாதம் எனச் சிலர் குறைகூறக்கூடும். தந்தையை நினைத்துத் தாங்கியைத் தொட்ட அந்த மனிதரின் நெகிழ்ச்சி பொய்யானதா என்று அவர்கள் கேட்பர். அது பொய்யன்று. என் முன்னே கலங்கிய கண்கள் மெய்யாகவே கலங்கின. ஆனால் அவர் நினைத்த தந்தையின் வண்டி, அவர் தொட்ட வண்டியன்று. அவருடைய தந்தையின் வண்டி பழுதுபட்டது, கைகளை மரக்கச் செய்தது, பலமுறை திருத்தப்பட்டது, ஒருநாள் விற்கப்பட்டது அல்லது போரில் அழிந்தது. அந்நினைவுக்கு உரிய இடம் விற்பனைக்கு வந்த ஒரு சாயலிடம் பறிகொடுக்கப்பட்டுள்ளது என்பதே எமது குற்றச்சாட்டு. குற்றவாளி அவரல்லர்.

வசதி படைத்தோர் தாம் விரும்பிய வண்டியை வாங்கினால் உனக்கென்ன என்பது பிறிதொரு வினா. வாங்கட்டும். அவ்வண்டிகள் செவ்வையாக ஆக்கப்பட்டவை. அவற்றிற் செல்வது இன்பமானது என்பதை இரு வாரங்களில் நானும் உணர்ந்தேன். வாங்குவதை எதிர்ப்பது எம் நோக்கமன்று. எம் நாட்டில் 2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. 2022இல் பெற்றோலுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அவ்வைந்து ஆண்டுகளில் இந்நாட்டின் மோட்டார் சைக்கிள்களை ஓடச் செய்தவர் யார்? உதிரிப்பாகம் கிடையாதபோது கடைந்து கொடுத்தவர், தேய்ந்த சிலிண்டரைத் துளைபெருப்பித்தவர், வேறொரு வண்டியின் பிஸ்ரனைப் பொருத்திப் பார்த்தவர் யார்? மண்ணெண்ணெய்க் காலத்தில் கற்ற வித்தையே அவர்களிற் பலருக்கு இப்போதும் கைகொடுத்தது. பழமையைப் பேணுதல் என்ற சொல்லுக்கு இலங்கையில் ஏதேனும் பொருளிருக்குமாயின், அது இவர்களுடைய தொழிலிலேயே உள்ளது.

இவர்கள் முதியோராகிவிட்டனர். எம்.டி. 90ஐத் திருத்தித் தருபவருக்கு எழுபது வயதைக் கடந்துவிட்டது. கண்பார்வை குன்றியதால் இயந்திரத்தின் ஒலியைக் கேட்டே பழுதை அறிகிறார். அவருடைய மக்கள் வெளிநாட்டில் உள்ளனர். கராஜை ஏற்று நடத்த எவருமில்லை. அவர் அறிந்தவை எவ்வேட்டிலும் எழுதப்படவில்லை. மண்ணெண்ணெய்க்கு மாற்றும்போது எத்தனை நிமிடம் பொறுப்பது, எந்த வண்டிக்கு எந்த அளவில் ஊசியை உயர்த்துவது, எண்ணெயை எத்தனை நாளுக்கொருமுறை மாற்றுவது என்பனவெல்லாம் அவர் விரல்களில் உள்ளன. அவரோடு அவை மறைந்துபோகும்.

எனவே, இச்சங்கத்து மாணவரிடமும் விரிவுரையாளரிடமும் ஒன்றை வேண்டுகின்றேன். எமது பல்கலைக்கழகங்களிற் பொறியியற் பீடங்கள் உள்ளன. சமூகவியல், வரலாறு, தமிழ் ஆகிய துறைகள் உள்ளன. வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் எஞ்சியுள்ள பழைய கராஜ்களுக்கு மாணவர் செல்ல வேண்டும். அம்மனிதரிடம் அமர்ந்து கேட்க வேண்டும். கேட்டவற்றை வரைபடங்களோடும் அளவுகளோடும் அவர்கள் வழங்கும் தொழிற்சொற்களோடும் எழுதிவைக்க வேண்டும். கலைச்சொல்லாக்கம் பற்றி ஆண்டுதோறும் கருத்தரங்கு நடத்தும் நாம், கராஜ்களில் ஏற்கெனவே புழங்கும் கலைச்சொற்களைத் திரட்டாதிருப்பது வெட்கத்துக்குரியது. இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. கவனம் வேண்டும். அதுதான் எம்மிடம் ஏராளமாக உள்ளதே. பெற்றோல் நிலையங்களில் ஒரு வருடமும் நிறையாத வண்டிகளைச் சுற்றி நின்று அதனைச் செலவழித்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தமுறை அத்தகைய வண்டியொன்றைக் காணும்போது வயதினை வினவ விரும்புவோர் தாராளமாக வினவட்டும். அதன்பின், பக்கத்தில் மீன்பெட்டியோடு நிற்கும் வண்டியின் வயதினையும், அதனைத் திருத்துபவர் யார் என்பதையும், அவருடைய கராஜ் எந்த ஒழுங்கையில் உள்ளது என்பதையும் சேர்த்து வினவட்டும்.